மூன்றாவது கடையிலேயே வயிறு நிறைந்துவிட்டால்: பழைய பேட்டைகளில் ஃபுட் டூர் போகிறவர்களுக்கு

வழிகாட்டியோடு நடந்து, பழைய ஆலை, கிடங்குப் பகுதிகளில் கடை கடையாகச் சுவைத்துப் பார்க்கிற ஃபுட் டூர் போய் வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் சொல்வது ஒன்றாகத்தான் இருக்கும்: "முதல் ரெண்டு கடை பிரமாதம். அப்புறம் சாப்பிடவே முடியல." ஆறு கடைக்குக் காசு கட்டிவிட்டு மூன்றாவது கடை வாசலில் கையெடுத்துக் கும்பிட்டால், நஷ்டம் யாருக்கு? வயிறு சின்னது என்பது இதற்குக் காரணமில்லை. கணக்குப் போடாமல் கிளம்புவதுதான் காரணம். அந்தக் கணக்கை முதலில் போட்டுவிடுவோம்.

வழக்கமான ஒரு டூர் 3 மணி நேரம், 6 கடை, இரண்டரை கிலோமீட்டர் நடை, 8 முதல் 12 பேர் என்று இருக்கும். தனியாக நடந்தால் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போய்விடுவோம். பத்துப் பேர் சேர்ந்து நடந்தால் 3 கிலோமீட்டர் தாண்டுவதே பெரிய விஷயம். ஒருவர் படம் எடுப்பார், ஒருவருக்குச் செருப்பு வார் அவிழும், சிக்னலில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போய்விடுவார்கள், மீதிப் பேர் இந்தப் பக்கம் நிற்பார்கள். ஆக நடைக்கு மட்டும் 50 நிமிடம். ஒரு கடைக்கு 18 நிமிடம் என்றால் ஆறுக்கு 108 நிமிடம். கூட்டினால் 158. மிச்சமிருக்கிற 22 நிமிடத்தில்தான் அறிமுகம், தெருவில் நின்று சொல்லும் கதை, கழிப்பறை எல்லாம் முடிய வேண்டும். "3 மணி நேரத்தில் 10 கடை" என்று யாராவது விளம்பரம் செய்தால், ஒரு கடையில் பத்து, பதினோரு நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது என்று பொருள். தட்டை வாங்கி, வாயில் போட்டு, கையைத் துடைப்பதற்குள் அடுத்த கடைக்குக் கிளம்பச் சொல்வார்கள்.

இனி வயிற்றுக் கணக்கு. ஒரு கடையில் 80 கிராம் என்று வையுங்கள். ஆறு கடைக்கு 480 கிராம். நடுவில் மூன்று இடத்தில் ஆளுக்கு 150 மில்லி பானம். மொத்தம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முழுச் சாப்பாடு, அதற்கு மேலும் கொஞ்சம். நிதானமாகப் போனால் தாங்கக்கூடிய அளவுதான். சிக்கல் எங்கே வருகிறதென்றால், வயிறு நிறைகிறது என்ற செய்தி மூளைக்கு எட்ட ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். முதல் கடையில் தட்டைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டு, பக்கத்தில் வைத்த ரொட்டியையும் எடுத்துக்கொண்டு, ஒரு சோடாவும் குடித்துவிட்டு எழுந்தால், 'போதும்' என்ற தகவல் வந்து சேரும்போது நீங்கள் இரண்டாவது கடையில் பாதித் தட்டைத் தாண்டியிருப்பீர்கள். அதனால் முதல் இரண்டு கடையில் கொடுத்ததில் பாதிதான் சாப்பிட வேண்டும், எவ்வளவு ருசியாக இருந்தாலும். ருசியாக இருந்தால்தான் இந்த விதியே தேவைப்படுகிறது. கூட யாராவது வந்திருந்தால் கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: மாவுப் பண்டம் எது வந்தாலும் ஒரு தட்டு, இரண்டு பேர். பந்திக்கு முந்துகிற பழக்கத்தை அன்றைக்கு ஒருநாள் மூட்டை கட்டி வைக்கலாம்.

ரொட்டி, சாதம், நூடுல்ஸ், சோடா நான்கும் வயிற்றில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நினைவில் நிற்பது அதன் மேல் இருப்பதுதான். மேலிருப்பதை முழுதாகவும் அடியிலிருப்பதைக் கொஞ்சமாகவும் சாப்பிடுவதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. சுவைப்பதற்கென்று போன இடத்தில் தட்டைக் காலி செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. "அருமையாக இருக்கிறது, இன்னும் நான்கு கடை பாக்கி" என்று சொன்னால் உலகத்தில் எந்தக் கடைக்காரருக்கும் புரியும்.

இன்னொன்றும் உண்டு. ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்தச் சுவை மீதுள்ள ஆசை மட்டும் சட்டென்று வடிந்துவிடும். வேறு சுவை வந்தால் ஆசை மறுபடி எழும். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் இனிப்புக்கு இடம் கிடைப்பது இதனால்தான். இது தெரிந்தவர் அமைத்த டூரில் உப்பு, புளிப்பு, காரம், இனிப்பு என்று மாறி மாறி வரும். எண்ணெய்ப் பண்டத்துக்கு அடுத்து ஊறுகாய் போலவோ பழம் போலவோ ஏதாவது புளிப்பாக வரும். தொடர்ந்து மூன்று கடையிலும் சீஸ், வெண்ணெய், எண்ணெயில் பொரித்தது என்றே இருந்தால், வழி பூகோளப்படி வகுக்கப்பட்டிருக்கிறது, நாக்கை யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. பசியோடு போனால் முதல் கடையில் அள்ளிப் போட்டுக்கொள்வோம். மேலே சொன்ன 20 நிமிடக் கதை அங்கேதான் நடக்கும். டூருக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் முன்னால் ஒரு பழம், கொஞ்சம் தயிர், ஒரு முட்டை, இப்படி ஏதாவது சின்னதாகச் சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் காபியோடு போனால் முதல் கடையில் மது கொடுக்கும் டூர்களில் தலை சுற்றும். தண்ணீரை வழியில் வாய் நனைய அடிக்கடி குடிக்க வேண்டும். நடுவில் தாகம் எடுத்து அரை லிட்டரை ஒரே மூச்சில் குடித்தால், அது மூன்று கடைக்கான இடம்.

முன்பதிவுக்கு முன்

டூர் பக்கத்தில் போட்டிருக்கிற படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தப் படத்தில் இருக்கிற பெரிய தட்டு உங்கள் கைக்கு வராது. எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு. விலையில் சாப்பாடு சேர்த்தியா? இதை ஏன் கேட்க வேண்டுமென்றால் 'இலவச டூர்' என்ற பெயரில் நடப்பவற்றில் வழிகாட்டிக்கு நீங்கள் விரும்பியதைக் கொடுக்கலாம், ஆனால் சாப்பாட்டுக்குக் கடைக்குக் கடை தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். குடிக்கிறது சேர்த்தியா? அதிகபட்சம் எத்தனை பேர்? 12 பேருக்கு மேல் என்றால் யோசிக்கலாம். 16 பேர் ஒரு சின்னக் கடைக்குள் நுழையவே முடியாது, வாசலில் பொட்டலமாகத்தான் கிடைக்கும். எத்தனை இடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம்? ஆறில் இரண்டிலாவது நாற்காலி இல்லையென்றால் முட்டிவலிக்காரர்களுக்குச் சிரமம். படி ஏற வேண்டுமா? பழைய கிடங்குகளில் லிஃப்ட் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

எந்தெந்தக் கடை என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அதில் தப்பில்லை. சொல்லிவிட்டால் பட்டியலை எடுத்துக்கொண்டு தனியாகவே போய்விடுவார்கள். போதாததற்கு இந்த மாதிரிப் பகுதிகளில் கடைகள் மூடுவதும் திறப்பதும் சகஜம், நேற்று இருந்த கடை இன்றைக்கு இருக்காது. ஆனால் என்ன மாதிரிச் சாப்பாடு, எதில் இறைச்சி, எதில் மீன், எதில் கொட்டை வகை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அதையும் சொல்லாதவர்களிடம் போக வேண்டாம்.

24 அல்லது 48 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற நிபந்தனையைப் பார்த்துப் பலருக்கு எரிச்சல் வரும். அது பெரும்பாலும் வழிகாட்டியின் பிடிவாதம் கிடையாது. கடைகளுக்குத் தலை எண்ணிக்கை முன்பே போய்விடுகிறது. பத்துப் பேருக்கான மாவு அங்கே முந்தின நாளே பிசைந்தாகிவிடும். நீங்கள் வராவிட்டாலும் அந்தத் தட்டுக்கு அவர் காசு கொடுத்தாக வேண்டும்.

நேரம் முக்கியம். நல்ல டூர்கள் காலை பத்தரை வாக்கிலோ மதியம் இரண்டரை வாக்கிலோ தொடங்கும். அது கடைக்காரருடைய ஓய்வு நேரம். காலைக் கூட்டம் போயிருக்கும், மதியக் கூட்டம் வந்திருக்காது, அல்லது வந்துபோயிருக்கும். சமைப்பவரே வெளியே வந்து இரண்டு நிமிடம் பேசுவது அப்போதுதான் நடக்கும். பகல் 12:30க்குத் தொடங்கும் டூரில் நீங்கள் வாடிக்கையாளர் வரிசைக்குக் குறுக்கே நிற்கிற இடைஞ்சல் மட்டுமே. சந்தை வழியாகப் போகிற டூராக இருந்தால் காலைதான். பிற்பகலில் மீன்காரர் பலகையைக் கழுவிக்கொண்டிருப்பார். ஊரில் பல நாள் தங்கப்போகிறீர்களென்றால் முதல் நாளோ இரண்டாம் நாளோ போய்விடுங்கள். எந்தக் கடைக்குத் திரும்பி வருவது என்று தெரிந்துகொள்ளத்தான் டூர். கடைசி நாளில் தெரிந்து என்ன பயன்?

சுவரையும் கொஞ்சம் பாருங்கள்

புத்துயிர் பெற்ற பேட்டை என்று சொல்லப்படுகிற இடங்கள் பெரும்பாலும் ஒரே வழியில் வந்தவை. ஆலையோ துறைமுகமோ மூடும். கிடங்குகள் காலியாகும். வாடகை மலிவாக, கூரை உயரமாக, லாரி நுழைகிற கதவோடு, எவ்வளவு எடை வைத்தாலும் தாங்குகிற தரையோடு பெரிய பெரிய கூடங்கள் சும்மா கிடக்கும். காபி வறுப்பவர், ரொட்டி சுடுபவர், பியர் காய்ச்சுபவர் மூவருக்கும் வேண்டியது சரியாக இதுதான். அதனால்தான் எந்த ஊருக்குப் போனாலும் இந்த மூன்றும் முதலில் வந்து உட்கார்ந்திருக்கும். நியூயார்க்கில் ஓரியோ பிஸ்கட் 1912ல் பிறந்த ஆலை, 1997ல் செல்சி மார்க்கெட் என்ற உணவுக்கூடமானது. டொராண்டோவில் 1990ல் மூடிய விஸ்கி வடிசாலை 2003ல் கார் நுழையாத கடைத்தெருவாகத் திறந்தது. ஆம்ஸ்டர்டாமில் டிராம் வண்டிகள் நின்ற பணிமனைக்குள் 2014ல் உணவுக் கூடம் வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் கிரார்டெல்லி சதுக்கம் இவற்றுக்கெல்லாம் மூத்தது. சாக்லேட் ஆலையாக இருந்து 1964ல் கடைகளாக மாறியது.

அதே 1964ல்தான் லண்டனில் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்ற சொல்லை அச்சில் ஏற்றினார். வசதியுள்ளவர்கள் குடியேறக் குடியேற, ஏற்கெனவே இருந்த உழைப்பாளிக் குடும்பங்கள் வாடகை கட்ட முடியாமல் வெளியேறுவதைச் சொல்ல வந்த சொல் அது. ஃபுட் டூர்காரர்கள் முதல் கதையைச் சொல்வார்கள், இரண்டாவதை விழுங்கிவிடுவார்கள். "இங்கே முன்பெல்லாம் ஒன்றுமே இல்லை" என்று ஒரு வழிகாட்டி ஆரம்பித்தால் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். ஆட்கள் இருந்திருப்பார்கள், அவர்களுக்குச் சமைத்துப் போட்ட கடையும் இருந்திருக்கும். அந்தக் கடை இன்னும் இருக்கிறதா, இந்த டூரில் இருக்கிறதா என்று கேட்கலாம். ஆறு கடையில் குறைந்தது இரண்டு கடை இந்த மாற்றத்துக்கு முந்தியதாக இருந்தால் அது நேர்மையான டூர் என்பது என் அளவுகோல். ஆறும் நேற்றுத் திறந்ததாக இருந்தால், சாப்பாடு நன்றாகவே இருக்கலாம்; ஆனால் அதை அந்தப் பேட்டையின் சாப்பாடு என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

கடைக்காரரிடம் கேட்க இரண்டு கேள்வி போதும். இந்த இடத்தில் உங்களுக்கு முன்னால் என்ன இருந்தது? காலையில் கதவைத் திறந்ததும் முதலில் வருகிற வாடிக்கையாளர் யார்? முதல் கேள்விக்கு யாரும் மனப்பாடமாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு வருகிற பதிலில் தெரிந்துவிடும், கடை அக்கம்பக்கத்துக்காக நடக்கிறதா, வந்துபோகிறவர்களுக்காக நடக்கிறதா என்று.

வழியில் நிற்கும்போது அண்ணாந்து பாருங்கள். பழைய செங்கல் சுவரில் மாடிமட்டத்துக்கு ஒன்றாக, நட்சத்திர வடிவத்திலோ வட்டமாகவோ ஒரு சாண் அளவில் இரும்புத் தகடுகள் வரிசையாகத் தெரியும். அலங்காரம் என்று நினைத்துவிடுவோம். உள்ளே கட்டடத்தின் குறுக்கே ஓடுகிற இரும்புக் கம்பியின் முனை அது. சுவர் வெளியே பிதுங்கிவிடாமல் தகடு இழுத்துப் பிடித்திருக்கிறது. மேல்மாடி ஜன்னலுக்கு மேலே ஒரு உத்தரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதில் கப்பி மாட்டி மூட்டை ஏற்றியிருக்கிறார்கள். கடைக்குள் நுழைய நான்கு படி ஏற வேண்டியிருந்து, வாசல் திண்ணை இடுப்பு உயரத்தில் நீளமாக ஓடினால் அது சரக்கு வண்டியின் தள மட்டம். தரைக் கற்களுக்கு நடுவே இரண்டு இரும்புக்கோடு ஓடினால் தண்டவாளம்.

சுவரில் ஏறுகிற பளபளப்பான எஃகுப் புகைக்குழாயையும் கவனியுங்கள். அது இருந்தால் பெரும்பாலும் உள்ளே முழுச் சமையலறை இருக்கிறது, வாணலி இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களில் வெளிச்சுவரில் குழாய் ஏற்றச் சில இடங்களில் அனுமதி கிடைப்பதில்லை. அந்தக் கடைகளில் பொரித்ததோ கனலில் வாட்டியதோ கிடைக்காது; காபி, கேக், சீஸ், சாண்ட்விச், வேறெங்கோ சமைத்துக் கொண்டுவந்து சூடாக்குவது என்றுதான் ஓடும். மெனுவை முடிவு செய்தது சமையல்காரரில்லை, புகைக்குழாய். ஒரே தெருவில் இத்தனை காபிக் கடை எதற்கு என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

ஒவ்வாமையும் சைவமும்

இதை முன்பதிவு செய்யும்போதே எழுத வேண்டும். கடை வாசலில் சொன்னால் வழிகாட்டியால் ஒன்றும் செய்ய முடியாது; தட்டு ஏற்கெனவே தயாராகிவிட்டது. எழுதும்போது மூன்றைப் பிரித்து எழுதுங்கள்: பிடிக்காது, ஒத்துக்கொள்ளாது, உயிருக்கு ஆபத்து. மூன்றையும் 'அலர்ஜி' என்ற ஒரே சொல்லில் அடைப்பதால்தான் உண்மையிலேயே ஆபத்து உள்ளவர்களின் பேச்சையும் சமையலறையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எழுதியதோடு விட்டுவிடக் கூடாது. அன்றைக்கு வழிகாட்டியிடம் ஒருமுறை, ஒவ்வொரு கடையிலும் ஒருமுறை மறுபடி சொல்ல வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி, பொட்டலம் கட்டாத உணவுக்கும், கடைக்காரர் தகவல் தர வேண்டும் என்பது 2014 டிசம்பரிலிருந்து சட்டம். அமெரிக்காவில் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் 2023 ஜனவரி முதல் எள்ளும் சேர்ந்து ஒன்பதாகியிருக்கிறது. பட்டியல் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உங்களுக்கு ஆகாத பொருள் அங்கே பட்டியலில் இல்லாமலும் போகலாம். பட்டியலில் இருந்தாலும் தப்பு நடக்கிற இடம் வேறு: பொரிக்கிற எண்ணெய். இறால் பொரித்த அதே எண்ணெயில் உருளைக்கிழங்கு பொரிப்பார்கள். "இதில் இறால் இருக்கிறதா" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். அது பொய்யும் ஆகாது. "இதே எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறீர்கள்" என்று கேட்க வேண்டும். கத்தி, வெட்டுப்பலகை, ஐஸ்கிரீம் கரண்டி மூன்றுக்கும் இதே கேள்வி. சூட்டில் எல்லாம் போய்விடும் என்பது கிருமிக்குப் பொருந்தும், ஒவ்வாமைக்குப் பொருந்தாது. கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போட்டுக்கொள்ள மருத்துவர் எபிநெஃப்ரின் ஊசி கொடுத்திருந்தால் அது கைப்பையில் இருக்க வேண்டும், விடுதி அறையில் இல்லை. அலர்ஜி மாத்திரை அதற்கு மாற்றாகாது.

நம் ஆட்களுக்குச் சைவம் தனிச் சிக்கல். 'வெஜிடேரியன்' என்று எழுதினால் பெரும்பாலான ஊர்களில் முட்டை அதற்குள் வந்துவிடும். சில இடங்களில் மீனையும் வைத்துவிடுவார்கள். ஒரு சொல்லை நம்பாமல் விவரமாக எழுதுங்கள்: இறைச்சி, மீன், முட்டை கூடாது, எலும்போ மீனோ கொதிக்க வைத்த சாறு கூடாது, மீன் சாஸ், ஜெலட்டின், விலங்குக் கொழுப்பு கூடாது. காய்கறி சூப்பின் அடிச்சாறு, மொறுமொறு பேஸ்ட்ரியில் வெண்ணெய்க்குப் பதிலாகச் சேர்க்கிற பன்றிக்கொழுப்பு, அசைகிற இனிப்பில் ஜெலட்டின், இந்த மூன்றில்தான் தெரியாமல் மாட்டுவோம். சீஸ் சிலவற்றில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைச் சேர்க்கிறார்கள். அதுவும் கூடாதென்றால் தனியாகக் கேட்க வேண்டும். ஆறு கடையில் நான்கில் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று தெரியவந்தால் அந்த டூரை விட்டுவிடுவது நல்லது. எல்லாரும் சாப்பிட, நீங்கள் நான்கு முறை வெள்ளரிக்காய் சாப்பிடுவது ஆயாசமான வேலை. கர்ப்பிணிகள் பச்சை மீன், பாஸ்டரைஸ் செய்யாத மென்சீஸ் இரண்டையும் தவிர்க்க வேண்டும். லிஸ்டீரியா என்ற கிருமியின் பயம் உண்டு.

தெருவில் இறங்கிய பிறகு

பழகிய செருப்பு, அல்லது பழகிய ஷூ. கல் பாவிய தெருவில் 3 மணி நேரம் புது ஷூ ஆகாது. மழை என்றால் குடையைவிட மழைக்கோட்டு. குறுகலான நடைபாதையில் பத்துக் குடை விரிந்தால் யாருக்கும் வழியும் கிடையாது, வழிகாட்டியின் முகமும் தெரியாது. கையில் ஒரு சின்ன டப்பா, ஒரு கரண்டி, ஈரத் துடைப்பான். டப்பா எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

சந்திக்கும் இடத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். பழைய ஆலைக் கட்டடங்களுக்கு நான்கு பக்கமும் வாசல் இருக்கும். ஜிபிஎஸ் புள்ளி கட்டடத்தின் நடுவில் விழும், நீங்கள் தப்பான வாசலில் நின்றுகொண்டிருப்பீர்கள். வழிகாட்டி காத்திருக்க மாட்டார். கல்நெஞ்சக்காரர் என்பதால் அல்ல. முதல் கடையில் தட்டு சூடாக எடுத்துவைத்தாகிவிட்டது, அங்கே 15 நிமிடம் தாமதித்தால் மீதிக் கடைகளிலும் நேரம் தள்ளிப்போகும்.

நடக்கும்போது வழிகாட்டிக்கு நேர் பின்னால் போகாதீர்கள், பக்கவாட்டில் சுவரோரமாகப் போங்கள். முன்னால் பார்த்துப் பேசுகிறவரின் குரல் பின்னால் வராது. சுவர் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். கதவு வாசலில் கூட்டமாக நிற்கக் கூடாது. கதவுக்குப் பின்னால் குடும்பம் இருக்கிறது, அவர்களுக்குத் தினமும் இரண்டு டூர் கூட்டத்தைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. படம் எடுக்க ஒரு நிமிடம் போதும். சூடாகக் கொடுத்தது ஆறிப்போனால் நீங்கள் சுவைப்பது வேறு பண்டம். ஆட்களைப் படமெடுக்குமுன் கேளுங்கள். கழிப்பறையை இரண்டாவது உட்காரும் கடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். சின்னக் கடைகளில் வாடிக்கையாளருக்கென்று இருக்காது.

காரம் ஏறிவிட்டால் தண்ணீர் குடிக்காதீர்கள். மிளகாயின் கேப்சைசின் தண்ணீரில் கரையாது, வாய் முழுக்கப் பரவத்தான் செய்யும். பால், தயிர், ஐஸ்கிரீம் எதுவாக இருந்தாலும் நல்லது. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். மது கொடுக்கிற டூர்களில் இரண்டாவது கோப்பைக்குப் பிறகு நாக்கு மந்தமாகிவிடும், அப்புறம் எல்லாமே பிரமாதமாகத்தான் இருக்கும். வாய் வைத்து மிச்சம் விடுவதில் தப்பில்லை.

ஒரு பண்டத்தையாவது ஆற அமரப் பாருங்கள். உதாரணத்துக்கு ரொட்டி. பிய்க்காமல் முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கள். அடி வெளுத்திருந்தால் அடுப்புத் தளம் போதுமான அளவு சூடாகவில்லை. விரலால் தட்டினால் உள்ளே காலியாக இருக்கிற மாதிரி 'டொக்' என்று சத்தம் வர வேண்டும். பிய்க்கும்போது மேலோடு நொறுங்கி, உள்சதை இழுபட்டுக் கிழிய வேண்டும். ஓட்டை பெரிசும் சிறிசுமாக ஒழுங்கில்லாமல் இருந்தால் மாவை நிதானமாகப் புளிக்கவிட்டு, காற்றை நசுக்காமல் கையாண்டிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் சொல்லலாம். முதல் கடி வெறும் ரொட்டி. வெண்ணெயோ சாஸோ இரண்டாவது கடிக்கு. எந்தக் கடையிலும் இப்படி முதல் கடியை வெறுமனே கடித்தால் பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

வழிகாட்டி எப்படிப்பட்டவர் என்பதை முதல் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். கல்லாவில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, உள்ளே சமையலறை வரை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறாரா, வரிசை நீளமாக இருந்தால் கடையின் முறையை மாற்றி இரண்டாவதை முதலில் கூட்டிப்போகிறாரா என்று கவனியுங்கள். டூரில் நீங்கள் காசு கொடுப்பது இந்த உறவுக்குத்தான்; சாப்பாடு தனியாகப் போனாலும் கிடைக்கும். மாறாக, ஒரு கடையில் சுவைக்கக் கொடுத்தது துளியூண்டு, வாங்கச் சொல்லி நின்றது 20 நிமிடம் என்றால் அங்கே கமிஷன் இருக்கலாம். வாங்காமல் நகர்ந்துவிடுங்கள். டிப்ஸ் வழக்கம் நாட்டுக்கு நாடு மாறும். முன்பதிவு செய்யும்போதே பார்த்துவைத்துக்கொண்டால் கடைசியில் பையைத் தடவிக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஒவ்வொரு கடையை விட்டு வெளியே வரும்போதும் போனில் மூன்று சொல் எழுதுங்கள்: கடை, பண்டம், திரும்பி வருவேனா. ராத்திரி எழுதலாம் என்று விட்டால் மூன்றாவதும் நான்காவதும் குழம்பிவிடும்.

டப்பா விஷயம். முதல் இரண்டு கடையில் பாதி மிச்சம் வைக்கச் சொன்னேனல்லவா, அது இதில் போக வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் இல்லை. ரொட்டி, பிஸ்கட், கெட்டிச் சீஸ், க்ரீம் இல்லாத கேக் சாயங்காலம் வரை தாங்கும். இறைச்சி, மீன், பால், க்ரீம், வெந்த சாதம், நூடுல்ஸ் இவையெல்லாம் 5 டிகிரிக்கு மேலும் 60 டிகிரிக்குக் கீழும் இருக்கிற நேரம் இரண்டு மணிதான். வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி. கடிகாரம் ஓடத் தொடங்குவது டப்பாவை மூடும்போது இல்லை, தட்டு உங்கள் முன்னால் வந்தபோது. முதல் கடையில் எடுத்துவைத்த மீன், ஆறாவது கடை முடியும்போது கெடுவைத் தாண்டியிருக்கும். வாசனை நன்றாகத்தான் இருக்கும், குப்பையில் போட்டுவிடுங்கள்.